சினைக்கு ஆசைப்பட்டவள்

எங்கள் குடும்பத்தில் என் வேலையைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. கோயிலில் யாராவது கேட்டால் அக்கா வித்தியா, "பிரஷா பிஷரீஸில ஒஃபிஸர்" என்பாள். என் கணவர் லக்ஷன் "ஆத்தங்கரை உத்தியோகம்" என்பார். அக்காவின் கணவர் வசீகரன் அத்தான் மட்டும்தான் நேராகச் சொல்வார்: "அவள் மீனைப் பிடிச்சு, அளந்துபோட்டு, திரும்ப ஆத்தில விடுறவள்." சொல்லிவிட்டுச் சிரிப்பார். பிடித்த மீனைத் திரும்ப விடுவதற்குச் சம்பளம் கொடுக்கும் நாடு என்பது அவருக்கு இத்தனை வருடமாகியும் அலுக்காத பகிடி. எனக்கும் அந்தப் பகிடி பிடிக்கும். இந்தக் கோடை வரைக்கும் பிடித்தது.

நான் செய்வது பருவகால ஒப்பந்த வேலை. ஆனிக் கடைசியில் தொடங்கி ஆடி முடியமுன் முடிந்துவிடும். மொன்ட்ரியாலிலிருந்து பாலத்தைக் கடந்து, அக்கா வீடு இருக்கும் புரோசார்ட்டையும் தாண்டிக் கொஞ்சத்தூரம் காரோடினால் ரிஷ்லியூ ஆறு வரும். சாம்ப்ளி என்ற ஊரில் அது பாறைகளில் விழுந்து நுரைத்து ஓடுகிறது. அந்த நுரைக்குக் கீழே உள்ள சரளைக்கல் தரையில் முட்டையிட வருகிற ஒரு மீனைத்தான் நாங்கள் கணக்கெடுக்கிறோம். பிரெஞ்சில் அதற்கு செவாலியே குய்வ்ரே என்று பெயர். செதில், புளி போட்டு மினுக்கிய செப்புக்குடம் போலிருப்பதால் வீட்டில் நான் செப்புமீன் என்பேன். கியூபெக்கின் இந்தப் பக்கத்து ஆறுகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் அது இல்லை. பத்து வயதளவில்தான் முட்டையிடத் தொடங்கும். ஒருவரும் தொல்லை கொடுக்காவிட்டால் என் வயது வரைக்கும் இருக்கும். இப்போது மிஞ்சியிருப்பவை கொஞ்சம். அவற்றிலும் பாதி கிழடுகள்.

வலையில் ஒன்று அகப்பட்டால் தண்ணீர்த் தொட்டியில் விட்டு, அதன் உடம்புக்கு மேலாக ஸ்கானரைப் பிடிப்போம். முன்பு நாங்கள் ஊசி போட்ட மீனென்றால் ஸ்கானர் கீச்சென்று சத்தமிட்டு அதன் இலக்கத்தைக் காட்டும். சத்தம் இல்லையென்றால் அது நாங்கள் இதுவரை காணாத மீன். அதற்கு நெல்மணியளவு கண்ணாடிக் குளிசை ஒன்றைத் தசைக்குள் ஊசியால் செலுத்துவோம். காலம் முழுக்க அந்தக் குளிசை அங்கேயே இருக்கும். மீனுக்கு அதுதான் அடையாள அட்டை.

எங்கள் குழுவுக்குப் பெரியவள் மாரி-பியேர். மெலிந்த, கணக்க அலட்டாத பெண். அவள் "மடாம்" என்று பெயர் வைத்த ஒரு பெண்மீன் இருந்தது. நாலு வருடத்துக்கு முன் அதற்கு ஊசி போட்டது நான்தான். அதன் பிறகு ஒவ்வொரு கோடையும் அதே சரளைக்கு வந்தது. இந்த முறை மடாமைப் பிடித்து, முட்டையைப் பதமாகப் பிழிந்தெடுத்து, குஞ்சு பொரிக்கும் நிலையத்துக்குக் கொண்டுபோவதென்று ஏற்பாடு. முந்தின இரண்டு கோடையும் மடாம் வந்தபோது முட்டை முற்றியிருக்கவில்லை, வேறு பெண்மீனும் வாய்க்கவில்லை. இந்த முறையும் தவறினால் திட்டத்தையே மூட்டைகட்டச் சொல்லிவிடுவார்கள் என்று மாரி-பியேர் பயந்துகொண்டிருந்தாள்.

எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். மாரி-பியேர் என்னை ஆற்றில் இறங்க விடவில்லை. கரையில் ஒரு மடக்குக் கதிரையைப் போட்டு, ஸ்கானரைக் கையில் தந்து, தொப்பியையும் தலையில் கவிழ்த்துவிட்டாள். வயிற்றில் பிள்ளையோடு சினைமீன் பார்க்கிறாள் என்று ஆளுக்காள் ஒப்பிட்டுப் பேசினார்கள். எனக்கு அது துண்டாகப் பிடிக்கவில்லை. மீன் மீன், நான் நான்.

ஆனால் வாய் சும்மா இருந்ததா? இல்லை. ஒருநாள் அக்கா வீட்டில், சோற்றைப் பிசைந்துகொண்டே, "பொரிச்ச மீன்சினை சாப்பிட ஆசையாக் கிடக்கு" என்று சொல்லிவிட்டேன்.

அக்கா கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "வாய்விட்டுக் கேட்டிட்டாய். இனிக் குடுக்காமல் விட்டால் பிள்ளைக்குக் காதில சீழ் வடியும்."

"உனக்கு விசர். யூனிவர்சிட்டி படிச்சனி கதைக்கிற கதையே இது?"

"படிச்சதுக்கும் காதுக்கும் என்ன? நீ சும்மா இரு."

அத்தான் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். அவர் எதற்கும் உடனே வாய் திறக்கிற ஆளில்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். கோடை விடுமுறையில் வேலை இல்லாததால் தூண்டிலும் கையுமாக எங்காவது ஆற்றங்கரையில் இருப்பார். அனுமதிச் சீட்டெல்லாம் ஒழுங்காக வைத்திருப்பார். பிடிக்கிற மீனை எனக்குத் தரக் கேட்பார், நான் மாட்டேன் என்பேன். ஆற்று மீனில் பாதரசம் இருக்கிறது, வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கூடாது என்று அவருக்கு ஒரு நீண்ட பிரசங்கமே வைத்திருக்கிறேன். அதை அவர் மறக்கவில்லை. பின்னால் பார்த்தால், மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் சனிக்கிழமை காலை வேலை முடித்து, ஸ்கானரும் சப்பாத்துகளும் காரின் பின்பெட்டியில் கிடக்க, நேரே அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். லக்ஷனுக்கு வேலை. மேசையில் குத்தரிசிச் சோறு, பழப்புளி விட்ட மீன்குழம்பு, நடுவில் ஒரு தட்டு நிறையப் பொரித்த சினை. வெங்காயமும் கறிவேப்பிலையும் மொறுமொறுவென்று மேலே கிடந்தன. எனக்கு வாயில் நீர் ஊறியது.

"எங்க வாங்கினது அத்தான்?"

"சைனீஸ் கடையில. தொட்டியில உயிரோட நிண்டது" என்றார். அக்கா அவசரமாகக் குழம்புச் சட்டியைக் கிளறினாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"பிரஷா, இந்த மீனுக்குத் தொண்டைக்குள்ள பல்லு. எங்கட கடவாய்ப்பல்லு மாதிரி. கழுவேக்க பயந்துபோனன்."

"கெண்டை இனத்துக்கு அப்பிடித்தான் அக்கா" என்று நான் விளக்கம் கொடுத்தேன். பெரிய விஞ்ஞானி.

சினை அவ்வளவு ருசி. சோற்றோடு கொஞ்சம், வெறும் வாய்க்குக் கொஞ்சம் என்று பாதித் தட்டை முடித்த பிறகுதான் குழம்பு மீனை எடுத்தேன். இரண்டாவது துண்டில் பல்லில் ஏதோ நெறுக்கென்றது. முள்ளென்று நினைத்து விரலால் எடுத்தேன். அது முள்ளில்லை. குழம்பை நக்கித் துடைத்துப் பார்த்தேன். நெல்மணியளவு கண்ணாடி. உள்ளே செப்புக்கம்பிச் சுருள்.

அந்தக் குளிசைகளை நான் ஆயிரம் தடவை கையில் எடுத்தவள். இருட்டில் தடவிக்கூடச் சொல்வேன். ஆனாலும் மனம் நம்பச் சம்மதிக்கவில்லை. ரிஷுக் கடதாசி ஒன்றில் சுற்றிக்கொண்டு, போனைக் காரில் விட்டுவிட்டேன் என்று சொல்லி வெளியே போனேன். காரின் பின்பெட்டியைத் திறந்து, அதற்குள் தலையை விட்டபடியே ஸ்கானரைப் பிடித்தேன். கீச்சென்றது. இலக்கத்தைப் பார்த்தேன். மடாம்.

திரும்பி வந்து கதிரையில் இருந்தேன். இதைத்தான் நான் இப்போதும் நினைத்து நினைத்துக் கருகுகிறேன். அப்போதே கேட்டிருக்கலாம். அதற்குத் துணிவில்லையென்றால் வயிற்றைப் பிரட்டிச் சத்தி வருகிறது என்றாவது சொல்லிச் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்திருக்கலாம். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு அதைவிட நல்ல சாட்டு என்ன வேண்டும்? அத்தான் எதிரில் இருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கு முன் இரண்டு தடவை என் பிள்ளைகள் தங்கவில்லை. இரண்டு தடவையும் என்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனது இந்த மனுசன்தான். இரண்டாவது தடவை திரும்பி வரும்போது, வழியெல்லாம் ஒரு சொல்லும் பேசாமல், காரை ஐஸ்கிறீம் கடையில் நிறுத்தி எனக்கொன்று வாங்கித் தந்தார். என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை, அதனால் வாங்கித் தந்தார். அந்த முகம் இப்போது நான் சாப்பிடுவதைப் பார்த்துக் குளிர்ந்து கிடந்தது.

"இன்னும் போடட்டே?" என்றார்.

"போடுங்கோ" என்றேன். மிச்சச் சினையை முழுவதும் என் கோப்பையில் சரித்தார். நான் சாப்பிட்டேன். கோப்பையை விரலால் வழித்துச் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து லக்ஷனிடம் சொல்லி அழுதேன். அவர் கனநேரம் யோசித்துவிட்டு, "அத்தான் சிற்றிசன்ஷிப்புக்குப் போட்டிருக்கிறார். சத்தியம் எடுக்கிற நாளைத்தான் பாத்துக்கொண்டிருக்கினம். இப்ப அவரில ஒரு கேஸ் விழுந்தால் என்ன நடக்கும்?" என்றார்.

எனக்கும் அதுதான் பயம். இந்த மீனைக் கொல்வது சட்டத்தில் சின்னக் குற்றமில்லை. தெரியாமல் செய்தேன் என்றால் விடுவார்களா, மாட்டார்களா, எனக்குத் தெரியாது. அகதியாக வந்து, வழக்காடி, ஊரிலிருந்து மனுசியைக் கூப்பிட்டு, இத்தனை காலம் ஒரு பார்க்கிங் ரிக்கற்கூட வாங்காமல் வாழ்ந்தவர்.

"செத்த மீன் செத்துப்போச்சு" என்றார் லக்ஷன். "நீ சொன்னாப்போல உயிர் வரப்போகுதே?"

அவரில் பழி போடவில்லை. எனக்கு வேண்டியிருந்த பதிலைத்தான் அவர் சொன்னார். அத்தானிடமும் ஒன்றும் கேட்பதில்லை என்று முடிவெடுத்தேன். சொன்னால் அவர் உடைந்துபோவார். பிள்ளை பிறக்கட்டும், பேந்து ஆறுதலாகச் சொல்லலாம். குளிசையை ஒரு பஞ்சுத்துண்டில் வைத்து என் நகைப்பெட்டிக்குள் போட்டேன்.

திங்கட்கிழமை ஆற்றில் மாரி-பியேர் நெஞ்சளவு தண்ணீரில் நின்றாள். வலையில் வேறு சாதி மீன்கள் வந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து விட்டுக்கொண்டிருந்தாள். மத்தியானம் என் பக்கத்தில் புல்லில் குந்தியிருந்து பாண் துண்டைக் கடித்தபடி, "தண்ணீர் இந்த முறை கொஞ்சம் குளிர், அதுதான் மடாம் சுணங்குகிறாள்" என்றாள். எங்களுக்குள் பிரெஞ்சுதான் பேச்சு. "ஆனால் வருவாள். நாள் பார்க்கிறதில் எங்களைவிட அவள் கெட்டிக்காரி."

நான் தலையாட்டினேன்.

வலைகளைத் தூக்கவேண்டிய நாள் வந்தது. மாரி-பியேர் மேலிடத்தோடு சண்டைபிடித்து இன்னும் ஒரு வாரம் வாங்கினாள். அந்த ஒரு வாரமும் அவள் விடிய வந்து, வெயில் சாயும் வரை தண்ணீருக்குள் நின்றாள். கை விரல்கள் ஊறி வெளிறிப் போயிருந்தன. நான் கதிரையில் இருந்து, வராத மீனுக்கு ஸ்கானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனம் பிறாண்டும். நாக்கு நுனிவரைக்கும் வரும். அவள் திரும்பிப் பார்த்து, "ஏன், நோகிறதா? வீட்டுக்குப் போகிறாயா?" என்று கேட்பாள். உடனே நான் இல்லை என்பேன். என்ன மனுசி நான்.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. வலைகளைச் சுருட்டி வான் வண்டியில் ஏற்றியபின் மாரி-பியேர் என்னிடம் ஒரு சின்னப் பெட்டியைத் தந்தாள். திறந்தேன். குழந்தைக்குப் போடுகிற மஞ்சள் ரப்பர் சப்பாத்து ஒரு சோடி, என் உள்ளங்கைக்குள் இரண்டும் அடங்கும்.

"அடுத்த வருடம் இருவருமாக வாருங்கள். மடாமும் வருவாள். அவளுக்கு இன்னும் வயசு கிடக்கிறது" என்றாள். திட்டம் அடுத்த வருடம் இருக்குமா என்று அவளுக்கே தெரியாது. இருந்தாலும் சொன்னாள்.

காரில் ஏறி, அந்தப் பெட்டியைப் பக்கத்துச் சீற்றில் வைத்தேன். பாலத்துக்குப் போகிற வழியைப் பிடிக்காமல் புரோசார்ட்டில் இறங்கினேன். இனி முடியாது. அத்தானிடம் சொல்லி, அவரோடு சேர்ந்து என்ன செய்வதென்று பார்ப்போம் என்று நினைத்தேன். வழியில் வரவரப் பயம் கோபமாக மாறியது. ஏன் என்னிடம் பொய் சொன்னார்? இந்த மீனைப் பிடிக்கக்கூடாதென்று ஆற்றங்கரைப் பலகையில் மீன்படம் போட்டு எழுதி வைத்திருக்கிறார்களே, கண் தெரியாதா? நல்லாகக் கொடுக்கவேண்டும் என்று ஒரு பாட்டம் ஏச்சை அடுக்கிக்கொண்டே போனேன்.

அக்கா கடைக்குப் போயிருந்தாள். அத்தான் கார் விடும் கறாச்சுக்குள் நின்று சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே தொடங்கினேன். அடுக்கிக்கொண்டு வந்த அவ்வளவையும் கொட்டினேன். எந்த மீன், எத்தனை வருடம் அதைக் காத்தோம், மாரி-பியேர் எப்படித் தண்ணீருக்குள் நின்றாள், எல்லாம். அவர் எண்ணெய்ப் போத்தலை நிலத்தில் மெல்ல வைத்தார்.

"சைனீஸ் கடையெண்டு சொன்னது பொய்தான்" என்றார். "ஆத்துமீன் எண்டால் நீ சாப்பிடமாட்டாய். ஒருநாள் சாப்பிட்டால் ஒண்டும் செய்யாது எண்டு நினைச்சன். பலகையைப் பாத்தனான் பிரஷா. அஞ்சாறு மீன் கீறிக்கிடந்தது, எல்லாம் ஒரு வயித்தில பிறந்ததுகள் மாதிரி. நான் பிடிச்சது கெண்டையெண்டுதான் நினைச்சன்."

"எனக்கொரு படம் எடுத்து அனுப்பியிருக்கலாமே?"

"அனுப்பினால் உனக்குத் தெரிஞ்சிடும்." கையைத் துணியில் துடைத்தார். "உனக்கு எப்ப தெரியும்?"

"அண்டைக்கே. சாப்பிடேக்க."

"தெரிஞ்சோ சாப்பிட்டனி?"

என் ஏச்செல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"நான் உன்ர முகத்தைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார். "கோப்பையை வழிச்சுச் சாப்பிட்டாய். பிள்ளை உண்டான நாளிலயிருந்து அவள் இப்பிடிச் சாப்பிட்டதை நான் காணேல்ல எண்டு பின்னேரமே வித்தியாட்டச் சொன்னனான்." துணியை மடித்து சைக்கிள் சீற்றில் வைத்தார். "அதாலதான் அடுத்த கிழமையும் போனனான்."

எனக்கு விளங்கவில்லை. அவர் கறாச்சின் மூலையிலிருந்த பெரிய பிரீஸரைத் திறந்தார். முருங்கைக்காய்ப் பொதிகளுக்கும் இறைச்சிக்கும் கீழே கையை விட்டு, வெள்ளைப் பொலித்தீனில் சுற்றிய நீளமான ஒன்றைத் தூக்கி மேசையில் வைத்தார். பக்கத்தில் ஒரு ஐஸ்கிறீம் பெட்டி. "சினையைத் தனிய எடுத்து வைச்சனான். மீனை வெட்டாமல் அப்பிடியே விட்டனான். பிள்ளை பிறந்து நீ இஞ்ச வந்து நிக்கேக்க தருவம் எண்டு."

பொலித்தீனை விரித்தேன். உறைபனிக்குக் கீழே செப்பு நிறம். கெண்டையில்லை. கெண்டையாக இருக்கட்டும் என்று கடவுளை மன்றாடியபடி, வாயோரத்தையும் செதில் வரிசையையும் இரண்டாம் தரம் பார்த்தேன். கெண்டையில்லை.

காருக்குப் போய் ஸ்கானரை எடுத்து வந்தேன். தலையிலிருந்து வால்வரை மெல்லக் கொண்டுபோனேன். சத்தம் வரவில்லை. திருப்பிப் போட்டு மற்றப் பக்கமும் பிடித்தேன். ஒன்றுமில்லை.

அத்தான் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அவர் குரலில் கொஞ்சம் உயிர் வந்தது. "சத்தம் வரேல்ல. அப்ப இது உங்கட மீன் இல்லையோ? பறுவாயில்லையோ?"

சத்தம் வராத ஒரு பெண்மீனுக்காகத்தான் நாங்கள் வருடக்கணக்காகக் காத்திருக்கிறோம். ஒருவர் கண்ணிலும் படாமல் வளர்ந்து, முதல் தடவையாகச் சரளைக்கு ஏறி வருகிற புதியவள். மாரி-பியேர் மடாமுக்காக நெஞ்சளவு தண்ணீரில் நின்ற அந்த நாட்களில்தான் இவள் வந்திருக்கிறாள். மடாம் இல்லை என்று நான் அந்தத் திங்கட்கிழமையே சொல்லியிருந்தால், அத்தான் தூண்டிலை எடுத்திருக்க மாட்டார். இவள் முட்டை இப்போது ஐஸ்கிறீம் பெட்டிக்குள் இருந்திருக்காது.

"இதுவும் அதுதான் அத்தான்" என்றேன். "இப்பிடி ஒண்டு இருக்கிறதே எங்களுக்குத் தெரியாது."

அவர் கவிழ்த்துக் கிடந்த வாளியொன்றில் இருந்துவிட்டார். கோபப்படுவார் என்று பார்த்தேன். படவில்லை.

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, பிள்ளை" என்றார். "நான் என்ன, தாங்கமாட்டனே?"

மேசையில் மீனைச் சுற்றிப் பனி உருகித் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. அவர் எழும்பி, மீனைத் திரும்பச் சுற்றி, பிரீஸரில் மேலாக வைத்தார். "உங்கட ஒஃபிஸ் ஆக்கள் வந்து பாக்கட்டும். அந்த மனுசிக்குப் போன் அடி. நான் செய்தது எண்டு என்ர பேரைச் சொல்லு."

"சிற்றிசன்ஷிப்..."

"அடி, பிரஷா."

அடித்தேன். இரண்டாவது மணியிலேயே மாரி-பியேர் எடுத்தாள். காரோட்டிக்கொண்டிருந்தவள் எங்கோ ஓரமாக நிறுத்துவது கேட்டது. ஒரு மணி நேரத்துக்கு முன்தான் விடைபெற்றவள் திரும்ப அழைத்தால் அவளுக்கு என்ன தோன்றும்?

"பிரஷா, என்ன? பிள்ளைக்கு ஒன்றுமில்லையே?"

நான் வயிற்றில் கையை வைத்தேன்.

"பிள்ளை சுகமாக இருக்கிறது" என்றேன். பிறகு சொல்லத் தொடங்கினேன்.